நீண்ட மணி

போடிநாயக்கனூரைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் ஏலக்காயின் வாசனையிலிருந்துதான் தொடங்குவார்கள். ஏலத்தை ஏலம் விட்டே பெயர் பெற்ற ஊர் அல்லவா? முன்னெல்லாம் கூவி ஏலம் விட்டார்கள். இப்போது கம்ப்யூட்டர் திரையில் விலை ஏறி இறங்குகிறது. வாசனை மட்டும் மாறவில்லை. ஆயினும் நான் இங்கே பேசப்போவது அந்த ஊரின் வாசனையைப் பற்றி அல்ல. ஓர் ஓசையைப் பற்றி. பள்ளிக்கூட மணியின் ஓசையைப் பற்றி.

பொழுது நன்றாக விடியுமுன்பே போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். தூக்குச் சட்டியும் கையுமாகப் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடி மெட்டு வழியாக மலையைக் கடந்து, கேரளத்து ஏலத் தோட்டங்களில் நாள் முழுதும் வேலை செய்துவிட்டு, பொழுது சாயத்தான் திரும்புவார்கள். அதுவரையில் அவர்கள் பெற்ற குழந்தைகள் எங்கே? அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில். தாய் நாலாயிரம் அடிக்கு மேலே, பிள்ளை கீழே. நடுவில் மலை.

அந்தத் தாய்க்குக் காலையில் அடிக்கும் மணி ஒரு நிம்மதி. "இனிப் பிள்ளை வாத்தியார் பொறுப்பு" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அவள் வேலையைப் பார்க்கிறாள். ஆனால் அந்த மணி குழந்தைகளை உள்ளே அழைக்க மட்டும் தெரிந்ததாக இருந்தால் போதுமா? ஆபத்து வந்தால் அவர்களை ஒழுங்காக வெளியே கொண்டுவரவும் அதற்குத் தெரிய வேண்டாமா? இந்தக் கேள்வியை நம் நாடு உரத்துக் கேட்டது 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகுதான்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டிடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன. கீழே சத்துணவுச் சமையல். மேலே கீற்றுக் கூரையின் கீழ் வகுப்புகள். முற்பகலில் அடுப்பிலிருந்து எழுந்த தீ கூரையைப் பற்றியது. ஆடி மாதக் காற்றில் கீற்று எரிவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இறங்குவதற்கோ குறுகலான வழி. மூங்கிலும் கீற்றுமாக எரிந்த கூரை குழந்தைகளின் தலைமேலேயே சரிந்து விழுந்தது. மாண்டவர்கள் 94 பேர். அத்தனை பேரும் ஆரம்ப வகுப்புப் பிஞ்சுகள்.

அன்று விதிகளே இல்லாமலா இருந்தன? இருந்தன. பள்ளிக்கூடம் போன்ற பொதுக் கட்டிடங்களுக்கு உரிமம் பெறவேண்டும் என்று தமிழ்நாட்டில் 1965-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கும்பகோணம் எரிந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது முப்பத்தொன்பது. அதைப் புரட்டிப் பார்த்துப் பாதுகாப்பாக வைத்திருந்தவர்கள் பலர் இருந்திருக்கலாம். குழந்தைகளுக்குத்தான் அதனால் பாதுகாப்புக் கிட்டவில்லை.

கும்பகோணத்துச் சாம்பல் ஆறுவதற்குள் ஒரு பொதுநல வழக்கு சுப்ரீம் கோர்ட்டை எட்டியது. அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கு என்று அதற்குப் பெயர். 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-இல் தீர்ப்பு வந்தது. கல்வி கற்கும் உரிமை என்றால் பத்திரமான இடத்தில் கற்கும் உரிமையும் அதற்குள் அடக்கம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். பிறகு நாட்டில் உள்ள பள்ளிகளுக்கெல்லாம் விதிகளை வரிசையாக வகுத்தார்கள். தீயில் எரியாத கூரை வேண்டும். அடுப்பு வகுப்பறைக் கட்டிடத்தை விட்டு விலகி இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் கூடியவரை மாடியில்லாத கட்டிடம் வேண்டும். ஆசிரியர்கள் தீயணைப்புப் படையினரிடம் பயிற்சி பெற வேண்டும். ஆபத்து ஒத்திகை முறையாக நடக்க வேண்டும்.

அந்த வரிசையில் என் மனத்தைத் தொட்ட விதி மிகச் சிறியது. மாடிக்கு மாடி அபாய மணி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கிராமத்துப் பள்ளிகளாக இருந்தால் ஆபத்துக் காலத்துக்கென்று தனியாக ஒரு நீண்ட மணிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதில் சேர்த்திருக்கிறார்கள். மின்சாரக் கருவி வாங்க வசதியில்லாத பள்ளியிலும் ஒரு தண்டவாளத் துண்டும் அதைத் தட்ட ஓர் இரும்புக் கம்பியும் இருக்குமே! செலவு இல்லை, டெண்டர் இல்லை. அந்த ஓசைக்கு அர்த்தம் என்ன என்பது மட்டும் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அர்த்தத்தைக் கற்பிப்பதற்குப் பெயர்தான் ஒத்திகை. நாடகக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேடையில் விளக்கு எரிந்து, எதிரே ஜனக் கூட்டத்தைக் கண்டதும் படித்த வசனம் மறந்துபோகும். பழகிய வசனம் தானாக வாயில் வரும். பயம் வந்தால் மூளை வேலை நிறுத்தம் செய்துவிடுகிறது. அப்போது காலும் கையும் தாமாகச் செய்கிற காரியந்தான் ஆளைக் காப்பாற்றும்.

கீற்றுக் கொட்டகைத் தீக்குச் சரி, மலையடிவாரத்துக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்கலாம். மலைக்கும் அதன் தீ உண்டு. அதை அறிய நாம் போடிக்கே திரும்பிக் குரங்கணிப் பாதையில் கொஞ்சம் ஏறவேண்டும்.

குரங்கணி பழைய சரித்திரம் உள்ள இடம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலையெல்லாம் இந்த வழியாகத்தான் உலகத்துக்குப் போயிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது சிறிய ரயிலாயிற்று. மலை உச்சியில் அந்தப் பாதை முடிந்த இடத்துக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிப் பக்கம் இறக்கி, போடிக்கு வண்டியில் கொண்டுவந்தார்கள். 1924-ஆம் ஆண்டு பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. ரயில் போய்விட்டது; ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மலையுச்சியில் தங்கிவிட்டது.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்திருந்த இரண்டு கோஷ்டியார் கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாரம் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, மலையழகைக் காண வந்த இளைஞர்களும் பெண்களும். மாசி மாதத்து வெயிலில் புல் சருகாகக் காய்ந்து கிடந்தது. பிற்பகலில் தீ அவர்களைச் சூழ்ந்தது. திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. அடிவாரத்துக் கிராம ஜனங்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மலையேறி, போர்வையிலும் டோலியிலும் சுமந்து காயம்பட்டவர்களை இறக்கினார்கள். மறுநாள் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. அங்கேயும் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக மாண்டவர்கள் இருபது பேருக்கு மேல்.

அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் பிறந்தன. இங்கேயும் சாவு முன்னே, சட்டம் பின்னே!

மலைத்தீயின் சுபாவத்தை மலையில் பிறந்தவர்கள் அறிவார்கள். சமவெளியில் நடக்கிற தீ சரிவில் ஓடும். சுவாலை சரிவோடு சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்திவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மனிதனுக்கோ ஏற ஏற மூச்சு வாங்குகிறது. தீயோடு மேல்நோக்கி ஓட்டப் பந்தயம் வைத்து ஜெயித்தவர்கள் மிகச் சிலர். புல்லில்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கரியான நிலம், இவைதான் புகலிடம். தீ ஒரு முறை தின்ற இடத்தில் மறுபடி தின்ன ஒன்றுமில்லை.

இந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி, மொண்டானா மாகாணத்தில் மான் கல்ச் என்ற மலைப் பள்ளத்தில் தீ. விமானத்திலிருந்து குதித்துக் காட்டுத்தீயை அணைக்கும் வீரர்கள் பதினைந்து பேரும், அங்கிருந்த காவலர் ஒருவரும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள். பின்னால் தீ, முன்னால் புல் மண்டிய செங்குத்தான சரிவு. அப்போது தலைவர் வாக்னர் டாட்ஜ் ஒரு காரியம் செய்தார். தீக்குச்சியைக் கிழித்துத் தம் முன்னால் இருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார்! அது மளமளவென்று எரிந்து மேலே போயிற்று. எரிந்த கரிநிலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, "இங்கே வாருங்கள்" என்று தம் ஆட்களைக் கூவி அழைத்தார்.

ஒருவர்கூட வரவில்லை. பின்னால் எரிவது போதாதென்று முன்னாலும் தீ வைக்கிற மனிதனின் பேச்சை யார் கேட்பார்கள்? அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. எல்லோரும் மேல்நோக்கி ஓடினார்கள். இரண்டு பேர் உச்சியில் ஒரு பாறைப் பிளவைக் கண்டு தப்பினார்கள். பதின்மூன்று பேர் மாண்டார்கள். பெருந்தீ டாட்ஜின் இருபுறமும் கடந்து போயிற்று. அவர் எழுந்து நடந்தார்.

டாட்ஜின் யோசனை சரியானதுதான். ஆனால் அது அந்த நிமிஷத்தில் பிறந்தது. அதற்கு முன் அவருடைய ஆட்கள் அதைக் கேட்டதுமில்லை, செய்து பார்த்ததுமில்லை. ஆபத்து வந்த பிறகு சொல்லும் புத்தி எவ்வளவு உயர்ந்ததானாலும் காதில் ஏறுவதில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1957-இல், காட்டுத்தீ வீரர்களுக்கென்று பத்துக் கட்டளைகளை வகுத்தார்கள். சேவகர்கள் மனப்பாடம் செய்யும் ராணுவக் கட்டளைகளே அவற்றுக்கு மாதிரி.

ஆனால் விதியை எழுதி வைத்துவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடுமா? இதற்கு ஜப்பானில் ஒரே நாளில் இரண்டு பதில்கள் கிடைத்தன. குரங்கணித் தீக்குச் சரியாக ஏழு ஆண்டுகளுக்கு முன், 2011-ஆம் ஆண்டு, அதே மார்ச் 11-ஆம் தேதி, அங்கே பூமி அதிர்ந்து கடல் பொங்கியது.

இஷினோமாகி நகரைச் சேர்ந்த ஒகாவா ஆரம்பப் பள்ளி ஒரு நதிக்கரையில் இருந்தது. பூமி அதிர்ந்ததும் ஆசிரியர்கள் முறைப்படி குழந்தைகளை மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தி எண்ணினார்கள். அதற்குமேல் எங்கே போவது? பள்ளியின் விதிப் புத்தகத்தில், கடல் பொங்கினால் "பக்கத்துக் காலி இடம், பூங்கா முதலியவை" என்று எழுதியிருந்தது. அப்படி ஓர் இடம் உண்மையில் எது என்று யாரும் முன்பே போய்ப் பார்த்து வைக்கவில்லை. பள்ளிக்குப் பின்னாலேயே மலை இருந்தது. குழந்தைகள் அங்கே காளான் வளர்த்துப் பழகியவர்கள். ஏறலாமா, கூடாதா, மரம் விழுமா என்ற பேச்சிலேயே சுமார் ஐம்பது நிமிஷம் கழிந்தது. பள்ளியின் 108 குழந்தைகளில் 74 பேரையும், ஆசிரியர்கள் 10 பேரையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. பெற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒழுங்கான தற்காப்பு விதிகளை முன்பே வகுக்காதது பள்ளி நிர்வாகத்தின் குற்றமே என்ற தீர்ப்பு 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் உறுதியாயிற்று.

கமாயிஷி என்ற இன்னொரு கடற்கரை நகரில் கதாதா தோஷிதாகா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாகப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒத்திகை நடத்திவந்தார். அவர் சொல்லிக் கொடுத்தவை மூன்றே: "இவ்வளவுதான் வரும் என்ற மதிப்பை நம்பாதே, உன்னால் முடிந்த மட்டும் செய், மற்றவர்களுக்காகக் காத்திராமல் முதலில் நீ புறப்படு." அன்று அதிர்ச்சி நின்றதும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். பக்கத்து ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் முதலில் மாடிக்குத்தான் போனார்கள். பெரியவர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு அவர்களும் இறங்கி ஓடினார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்தும் அங்கே நிற்கவில்லை. மலைச்சரிவு பெயர்வதைக் கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். நின்றிருந்தால் அந்த இடமும் தண்ணீருக்குள். அன்று கமாயிஷியில் பள்ளியின் பொறுப்பில் இருந்த குழந்தைகள் எல்லோரும் பிழைத்தார்கள்.

ஒகாவாவில் விதி காகிதத்தில் இருந்தது. கமாயிஷியில் அது குழந்தைகளின் கால்களில் இருந்தது. அதுமட்டுமல்ல, குறித்த இடத்திலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்பதையும் சேர்த்தே கற்றிருந்தார்கள். ஒரே வாசல் வழியாக வரிசையாகப் போய்த் திரும்புவதை மட்டுமே ஆண்டுதோறும் பழக்கினால், அந்த வாசலில் தீ நிற்கும் அன்று குழந்தை என்ன செய்யும்?

இப்போது நம் ஊரைப் பார்ப்போம். ஏப்ரல் மாதம் 14-ஆம் தேதி தொடங்கித் தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர் கொடுத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஏற்பட்ட வாரம் அது. சிவப்பு வண்டி பள்ளிக்கூடங்களுக்கும் வருகிறது. தண்ணீர் வானளாவப் பீய்ச்சுகிறது, குழந்தைகள் கைதட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் வேடிக்கை பார்ப்பது ஒத்திகை ஆகாது. மேலும் போடி மலையில் தீக்காலம் மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. பங்குனி முடிந்து வருகிற பாடம் காலம் தவறிய மழைதான்.

ஆபத்தும் ஊருக்கு ஊர் ஒன்றல்ல. கடலோரத்தில் தண்ணீர், நகரத்தில் மாடிப்படி, இந்த மலைச்சரிவில் கோடையில் தீ, ஐப்பசி கார்த்திகையில் மண்சரிவு. குரங்கணி மலைக்கு அப்பால், மூணாறை அடுத்த பெட்டிமுடியில், 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மலை இடிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள்மீது விழுந்தது. குழந்தைகள் உட்பட 70 பேர். அவர்களில் பெரும்பாலோர் தென்பாண்டிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பொழுது விடிந்த பிறகே வெளியுலகம் அறிந்தது. இரவில் பள்ளிக்கூட மணி அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பள்ளியில் பழகிய குழந்தை வீட்டிலும் பழக்கும். "அம்மா, மழை இப்படி விடாமல் கொட்டினால் சரிவுக்கடியில் படுக்கக் கூடாதாம்" என்று சொல்லும் ஒரு குழந்தை எத்தனை சுற்றறிக்கைக்குச் சமம்!

ஆகவே போடிச் சரிவின் பள்ளிக்கு வேண்டிய விதி டில்லியிலிருந்து முழுசாக வந்து இறங்காது. நீண்ட மணி வேண்டும் என்பது வரையில் டில்லி சொல்லும். அது அடித்தால் எந்தப் பக்கம் போவது, ஓடை எங்கே, பாறை எங்கே, எந்த மேடு மழையில் பெயரும் என்பதை உள்ளூர் உபாத்தியாயரும், ஆடு மேய்க்கும் கிழவரும், வனக் காவலரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடிப்பது, வெளியே வந்ததும் யார் தலைகளை எண்ணுவது, மலைமேல் இருக்கும் தாய்க்கு யார் சொல்லி அனுப்புவது, மாலையில் ஜீப் வரும்வரை பிள்ளையை யாரிடம் விடுவது, இவ்வளவும் அந்த விதிக்குள் வரவேண்டும். பிறகு அதைச் செய்து பார்க்க வேண்டும்; ஒரு தடவை முன் வாசல், ஒரு தடவை பின் வாசல், ஒரு தடவை பரீட்சைக்கு நடுவில்.

"குழந்தைகள் பயந்துவிடுமே" என்று சிலர் சொல்வார்கள். குழந்தைகள் அவ்வளவு லேசில் பயப்படுவதில்லை. என்ன செய்வதென்று தெரியாத பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகின்றன. "பாடம் கெட்டுவிடுமே" என்பார்கள் வேறு சிலர். இதுவும் பாடந்தான். இதில் தவறுகிறவர்களுக்கு மறு பரீட்சை கிடையாது என்பது ஒன்றே வித்தியாசம்.

நம் முன்னோர் ஒரு மணியின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணி. தேர்க்காலில் கன்றை இழந்த பசு வந்து அதை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். நீதி வழுவவில்லை என்று பெருமைப்படுகிறோம். பெருமைதான். கும்பகோணத்துத் தாய்மாரும் அந்த மணியை அடித்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2014-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, தஞ்சாவூரில் தீர்ப்பு வாசித்தார்கள். ஆனால் நம் காலத்தில் ஆராய்ச்சி மணி எத்தனை ஓங்கி ஒலித்தாலும் கன்று எழுந்து வரவில்லை.

தேர் வருகிறது என்று கன்றுக்கு முன்னாலேயே சொல்லும் மணி வேறு. அதைக் கட்டுவதற்குச் சக்கரவர்த்தி வேண்டியதில்லை; ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் போதும்.